ஈரம் எவ்வளவு? பண்ருட்டி முந்திரி ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த கையோடு கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பகுதி வீடுகளில் பிள்ளையை எந்தக் குரூப்பில் சேர்ப்பது என்ற பேச்சு தொடங்கிவிடும். மருத்துவமும் பொறியியலும் கனவென்றால் அறிவியல், கடையோ கம்பெனியோ வங்கியோ என்றால் வணிகவியல் என்று ஒரு வாய்ப்பாடு எல்லார் நாவிலும் இருக்கிறது. வணிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் நானும் அந்த வாய்ப்பாட்டைப் பல ஆண்டுகள் ஒப்பித்தவன்தான். தொழிலுக்குப் போகப்போகும் பிள்ளை எதற்காக வேதியியல் ஆய்வகத்தில் பியூரெட் என்ற அளவுக்குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்டதும் உண்டு. கீழே விவரிக்கும் ஆலையை அருகிலிருந்து பார்க்க நேர்ந்த பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்பதில்லை.

ஆலை பண்ருட்டியை அடுத்த முந்திரிப் பகுதியில் இருக்கிறது. உரிமையாளர் ஒரு பெண்மணி. அவருடைய வேண்டுகோளின்படி ஆலையின் பெயரையும் கணக்குப் புத்தகத்து எண்களையும் இங்கே தரவில்லை. கணக்கு வரும் இடங்களில் நான் எடுத்துக்கொண்டவை விளக்கத்துக்கான மாதிரி எண்களே. கணக்குப் போடும் முறைதான் அவருடையது.

பின்னணி

அவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கிய பிரிவில் படித்தவர். மருத்துவத்துக்கு மதிப்பெண் போதவில்லை. வீட்டில் முந்திரித் தொழில் இருந்ததால் கல்லூரியில் பி.காம். எடுத்தார். இரண்டு ஆண்டு அறிவியல் படிப்பு வீணாகிவிட்டது என்றுதான் அப்போது குடும்பத்தில் எல்லாரும் நினைத்தார்கள், அவரும் உட்பட.

அவருடைய தந்தை முந்திரிக்கொட்டையைக் கையாலும் காதாலும் மூக்காலும் வாங்கிப் பழகியவர். கட்டைவிரல் நகத்தை ஓட்டில் அழுத்திப் பார்ப்பார். தடம் விழாவிட்டால் காய்ந்த கொட்டை. ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கிக் காதருகே வைப்பார். காடாம்புலியூர்ப் பக்கத்துக் கொட்டை எது, விருத்தாசலம் பக்கத்துக் கொட்டை எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். விற்பவர் யார், அவர் தோப்பு எந்த மண்ணில் இருக்கிறது, சென்ற ஆண்டு அவர் கொட்டை எப்படி உடைந்தது என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். அந்த நினைவுதான் அவருடைய கொள்முதல் துறை.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்த தானே புயல் அந்த நினைவின் அடித்தளத்தையே பெயர்த்துவிட்டது. பல பத்தாண்டுகள் வளர்ந்த முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒட்டுக்கன்று நட்டாலும் காய்க்கத் தொடங்க மூன்றாம் ஆண்டு ஆகும், நிறைவான விளைச்சலுக்கு இன்னும் பல ஆண்டுகள் வேண்டும். ஏற்கெனவே ஓரளவு வந்துகொண்டிருந்த ஆப்பிரிக்கக் கொட்டையைத்தான் இந்த ஆலையும் பெரிதாக நம்ப வேண்டியதாயிற்று. அந்நாள்களில் ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாக மூட்டை வந்து இறங்கும். விற்பவரின் முகம் தெரியாது, தோப்பின் மண் தெரியாது. கையில் இருப்பது ஒரு தாள், அதில் மூன்று எண்கள்: ஈரப்பதம், ஒரு கிலோவுக்கு எத்தனை கொட்டை என்ற எண்ணிக்கை, எவ்வளவு பருப்பு தேறும் என்பதைக் காட்டும் அவுட்டர்ன். பட்டம் முடித்த மகள் ஆலைக்குள் வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

மூட்டையில் எவ்வளவு தண்ணீர்

முந்திரி வணிகத்தின் பெரும் பணம் விற்பனையில் அல்ல, வாங்கும் நாளில்தான் தீர்மானமாகிறது. ஆலையின் செலவில் மிகப் பெரிய பங்கு பச்சைக் கொட்டைக்கே போகிறது. அந்தக் கொட்டையோடு சேர்த்து எவ்வளவு தண்ணீரை வாங்குகிறோம் என்பதே முதல் கேள்வி.

80 கிலோ மூட்டை ஒன்றில் ஈரப்பதம் 12 விழுக்காடு என்று கொள்வோம். களத்தில் காயவைத்து 8 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் எடை எவ்வளவு குறையும்? பன்னிரண்டில் எட்டுப் போனால் நான்கு, 80 கிலோவில் நான்கு விழுக்காடு 3.2 கிலோ என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். என் வணிகவியல் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். வகுப்பே அப்படித்தான் சொன்னது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இந்த உரிமையாளர் கணக்கை வேறிடத்தில் தொடங்கினார். காயும்போது மாறாதது எது? தண்ணீர் போகும், உலர்பொருள் போகாது. 80 கிலோவில் உலர்பொருள் 70.4 கிலோ. காய்ந்த பிறகு அதே 70.4 கிலோ மொத்த எடையில் 92 விழுக்காடாக இருக்கும். ஆகவே புதிய எடை ஏறத்தாழ 76.52 கிலோ, இழப்பு 3.48 கிலோ. இருநூறு மூட்டைக்கு ஏறத்தாழ 696 கிலோ. கிலோ 110 ரூபாய் என்றால் 76,500 ரூபாய் களத்திலேயே ஆவியாகப் போகிறது. முதல் கணக்கை நம்பி விலை பேசியவருக்கு இதில் ஆறாயிரத்துச் சொச்சம் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

இந்தக் கணக்குக்குத் தேவை வகுத்தலும் பெருக்கலும் மட்டுமே. வினைக்கு முன்னும் பின்னும் மாறாமல் நிற்பது எது என்று முதலில் தேடும் பழக்கம் வேதியியல் சமன்பாட்டைச் சமப்படுத்திய கைக்கு வந்தது. கணக்குப்பதிவியலில் பற்றும் வரவும் சமமாக வேண்டும் என்று நாங்களும் சொல்லிக்கொடுக்கிறோம்தான். ஆனால் எங்கள் பேரேட்டில் எதுவும் ஆவியாவதில்லை.

அடுத்தது கருவி. ஈரமானி என்று சந்தையில் விற்கும் கருவி தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. கொட்டையின் மின் பண்பை அளந்து அதிலிருந்து ஈரத்தைக் கணித்துக் காட்டுகிறது. வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் சுழிப்பிழை பார், எதையும் அளக்காதபோது கருவி சுழியைக் காட்டுகிறதா என்று பார் என்று பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. புதிய ஈரமானி வந்த அன்று, ஒரே மாதிரிக் கொட்டையில் ஒரு பங்கைக் கருவியில் பார்த்துவிட்டு, இன்னொரு பங்கை எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை அடுப்பில் உலர்த்தி ஒப்பிட்டார். கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டியது. எவ்வளவு குறைவு என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவைத்தார். அந்தச் சீட்டு இன்னும் இருக்கிறது. எடைத் தராசுக்கும் ஒவ்வொரு காலையும் தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்க்கும் வழக்கம் அன்றே தொடங்கியது.

ஒரு கிலோவும் நூறு மூட்டையும்

அவுட்டர்ன் என்பது 80 கிலோ பச்சைக் கொட்டையிலிருந்து எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்பதைச் சொல்லும் எண். அதைக் காணக் கட்டிங் டெஸ்ட் செய்வார்கள். ஒரு கிலோ கொட்டையை எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டி, நல்ல பருப்பைத் தனியாகவும் புள்ளி விழுந்த பருப்பைத் தனியாகவும் நிறுத்து, புள்ளிப் பருப்பில் பாதி எடையை நல்ல பருப்போடு கூட்டி, வரும் கிராமை 0.17637-ஆல் பெருக்குவார்கள். நல்லது 262 கிராம், புள்ளி விழுந்தது 18 கிராம் என்றால் 271 கிராம் கணக்கில் வரும், அவுட்டர்ன் 47.8 பவுண்டு.

இந்த 0.17637 எங்கிருந்து வந்தது என்று அவர் விற்பனைத் தரகரைக் கேட்டபோது, அது அப்படித்தான், எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்ற பதிலே கிடைத்தது. வீட்டுக்கு வந்து அலகு மாற்றம் செய்து பார்த்தார். 80 கிலோவைப் பவுண்டாக்கி ஆயிரத்தால் வகுத்தால் அந்த எண் வந்து நிற்கிறது. இதனால் அன்று ஒரு ரூபாய்கூட லாபமில்லை. ஆனால் பின்னாளில் ஒரு விற்பனையாளர் மூட்டை 78 கிலோதான், ஆனாலும் வாய்ப்பாடு ஒன்றுதான் என்று வாதாடியபோது, விலையில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே அவரால் சொல்ல முடிந்தது.

அவர் செய்த பெரிய மாற்றம் மாதிரி எடுக்கும் முறையில். அதுவரை மேலே கிடக்கும் இரண்டு மூட்டையின் வாயைத் திறந்து ஒரு கிலோ அள்ளுவதே வழக்கம். கப்பலில் வாரக்கணக்கில் கிடந்த மூட்டையில் ஓரத்துக் கொட்டையும் நடுக் கொட்டையும் ஒன்றாக இருக்கும் என்று எப்படி நம்புவது? அடுக்கின் மேல், நடு, அடி, மூலை எனப் பல இடத்து மூட்டைகளிலிருந்து எடுத்துக் குவித்து, குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து மீண்டும் நான்காக்கி, கடைசியில் ஒரு கிலோவுக்கு வருவார்கள். இதையே ஒரு லாட்டுக்கு, அதாவது ஒன்றாக வந்த ஒரு தொகுதிச் சரக்குக்கு, மூன்று முறை செய்ய வேண்டும். அடுத்தடுத்து இரண்டு அளவீடுகள் ஒத்து வரும் வரை, பியூரெட்டால் கரைசலை அளந்து சேர்க்கும் டைட்ரேஷனை நிறுத்தக் கூடாது என்பது பிளஸ் டூ ஆய்வகத்து விதி. மாணவர்களில் பாதிப்பேர் மூன்றாவது அளவீட்டைக் கற்பனையில் எழுதி முடிப்பதும் அதே ஆய்வகத்தில் நடப்பதுதான். தானும் ஒருமுறை அப்படி எழுதி மாட்டிக்கொண்டதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வெட்டித் தள்ளிய மூன்று கிலோக் கொட்டை வீண் என்று தந்தை முணுமுணுத்ததுண்டு. மூன்று முடிவுகளும் எட்ட எட்ட நின்ற லாட் ஒன்றை வாங்காமல் திருப்பிய பிறகும் அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்து உடைசல்

இந்த ஆய்வின் மையம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நடந்த ஒரு தகராறு. முழுப்பருப்புக்கும் உடைசலுக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 320 பருப்பு நிற்கும் முழுப்பருப்பு ஒரு தரம், 240 நிற்பது அதற்கு மேல், 210 அதற்கும் மேல். இரண்டாகப் பிளந்தாலோ துண்டானாலோ விலை சரியும். அந்த மழைக்காலத்தில் ஆலையில் உடைசல் திடீரென்று கூடியது. வெட்டும் பெண்கள் கவனக்குறைவாக இருக்கிறார்கள் என்று மேஸ்திரி முடிவுகட்டிவிட்டார். உடைசலுக்கு ஏற்பக் கூலியைப் பிடித்தால் தானாகச் சரியாகும் என்பது அவர் தீர்வு. பெண்களோ கத்தி மழுங்கிவிட்டது என்றார்கள்.

நெடுநாள் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் மட்டும் வேறு ஒன்றைச் சொன்னார்: “மெஷினும் மாறல, கையும் மாறல, கொட்டதான் மாறியிருக்கு பாப்பா.” அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. இந்தச் சிக்கலில் சரியான கருதுகோள் முதலில் பிறந்தது அவர் வாயில்தான். அறிவியல் படித்த உரிமையாளருக்கு அது தோன்றவில்லை. பள்ளி அறிவியலின் பெருமையைச் சொல்ல வந்த ஆய்வு இதை மறைத்தால் பொய்யாகிவிடும்.

பள்ளி உதவியது அதற்கு அடுத்த படியில். மூன்று தரப்பும் மூன்று காரணம் சொல்கிற இடத்தில், யார் சொல்வது சரி என்பதை எல்லாரும் ஏற்கும்படி காட்டுவது எப்படி? அவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார். முதலில் ஒரே வேகவைப்பில் வந்த கொட்டையை, உடைசல் அதிகம் என்று குற்றஞ்சாட்டப்பட்ட நான்கு பேருக்கும் கைதேர்ந்தவர்கள் என்று மேஸ்திரியே ஒப்புக்கொண்ட நான்கு பேருக்கும் சமமாகப் பகிர்ந்தார். உடைசல் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. பிறகு கத்தியை மட்டும் புதிதாக மாற்றினார். சற்றுக் குறைந்தது, ஆனால் பழைய நிலைக்கு வரவில்லை. மூன்றாவதாக, வேகவைத்த கொட்டையில் ஒரு பங்கை வழக்கம்போல் ஓர் இரவு ஆறவிட்டும், இன்னொரு பங்கைக் காற்றோட்டமான இடத்தில் மெல்லிதாகப் பரப்பி மேலும் ஒரு பகல் ஆறவிட்டும் வெட்டச் செய்தார். உடைசல் விழுந்துவிட்டது. கொட்டை எந்தக் கூடையிலிருந்து வருகிறது என்பதை வெட்டுபவர்களுக்கும் மேஸ்திரிக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கை தன்னையறியாமல் மெதுவாகியிருக்கும், கண்ணும் தன் பக்கத்துக்கே தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

காரணம் விளங்கக்கூடியது. ஆவியில் வெந்த கொட்டை ஆறும்போது ஈரம் வெளியேற வேண்டும். பருப்பு சற்றுச் சுருங்கி ஓட்டை விட்டு விலகினால்தான் கத்தி ஓட்டோடு நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் கடலூர் மாவட்டத்துக் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருப்பதால், கோடையில் ஓர் இரவில் போகும் ஈரம் அப்போது போவதில்லை. பருப்பு ஓட்டோடு ஒட்டியே நிற்கிறது, கத்தி பருப்பைக் கீறுகிறது. கோடையில் வகுத்த நேரத்தை மழைக்காலத்திலும் கடிகாரம் பார்த்துப் பின்பற்றியதுதான் தவறு. இப்போது அங்கே ஆறும் நேரத்தைக் கடிகாரம் தீர்மானிப்பதில்லை, சுவரில் மாட்டிய ஈரப்பதமானி தீர்மானிக்கிறது. வெட்டியெடுத்த பருப்பைச் சூட்டில் உலர்த்தும் அறையான போர்மாவில் காயவைக்கும்போது இதற்கு எதிரான ஆபத்தும் உண்டு. மிகைக் காய்ச்சலில் பருப்பு நொறுங்கும். காய்ந்ததைத் தோலுரிக்காமல் ஈரக் காற்றில் விட்டால் தோல் மீண்டும் இறுகிக்கொள்ளும்.

கூலிப் பிடித்தம் வரவில்லை. மேஸ்திரி தோற்றதாகவும் யாரும் பேசவில்லை, ஏனென்றால் கூடைகளை எடைபோட்டு எழுதியவரே அவர்தான். எடைபோடும் வேலையை அவரிடம் கொடுத்தது தற்செயலா என்று உரிமையாளரைக் கேட்டேன். இல்லை என்றார். இதைப் பாடநூல் கற்பித்திருக்காது. தந்தையிடமிருந்து வந்த சாமர்த்தியம் இது என்றே நினைக்கிறேன்.

ஓடும் எண்ணெயும்

ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டு வெட்டுவது தலைமுறை வழக்கம். அதன் முக்கியப் பொருள் அனகார்டிக் அமிலம் என்பதும், சூடேற்றினால் அது கார்பன் டை ஆக்சைடை இழந்து கார்டனாலாக மாறும் என்பதும், கார்டனால் பீனால் வகையைச் சேர்ந்ததால் பிரேக் லைனிங்குக்கும் பெயின்டுக்கும் ரெசினுக்கும் வேண்டப்படுகிறது என்பதும் வேதியியல். மா, முந்திரி, சலவைத் துணிக்குக் குறியிடும் சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம் என்பது உயிரியல். ஓட்டை லாரிக் கணக்கில் கேட்டு வந்த வியாபாரியிடம் எண்ணெய் எத்தனை விழுக்காடு எடுப்பீர்கள் என்று இவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியே விலையை உயர்த்தியது. கையுறைக்குச் செலவழிக்கத் தயங்கிய தந்தையைச் சம்மதிக்க வைத்ததும் இந்த அறிவுதான்.

அறிவியல் கைகொடுக்காத இடங்கள்

உதவியவற்றை மட்டும் தொகுத்தால் இது விளம்பரமாகிவிடும். ஒருமுறை ஈரம், எண்ணிக்கை, அவுட்டர்ன் மூன்றும் மிக நன்றாக வந்த லாட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்து நிறைய வாங்கினார். அளவீடுகளில் பிழையில்லை, கொட்டையும் சொன்னபடியே உடைந்தது. ஆனால் பருப்பு தயாராகும் முன் சந்தை விலை இறங்கிவிட்டது. ஆய்வகத்தில் அடுத்த மேசைக்காரர் என்ன செய்கிறார் என்பது நம் பியூரெட்டைப் பாதிப்பதில்லை. சந்தையில் எல்லாருடைய கையும் ஒரே குடுவைக்குள் இருக்கிறது. கடன் தவணையைச் சமாளித்து அந்த ஆண்டைக் கடத்தியது, வணிகவியல் படித்த அவருடைய தம்பி. சரக்கு எவ்வளவு நாள் பணத்தை முடக்கும், அந்த நாள்களுக்கு வட்டி என்ன என்ற கணக்கில் தம்பிதான் கெட்டிக்காரர்.

இரண்டாவது சம்பவம் இன்னும் கூர்மையானது. ஒரு லாட்டில் ஈரமானி 8 விழுக்காடு காட்டியது. மூன்று கட்டிங் டெஸ்டும் ஒத்து வந்தன. தந்தை ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, இது ஒருமுறை நனைந்து காய்ந்த கொட்டை, வேண்டாம் என்றார். மகள் எண்களைக் காட்டி வாங்கினார். போர்மாவிலிருந்து வெளிவந்தபோது பருப்பின் நிறம் மங்கியிருந்தது. வெள்ளைத் தரமாக விற்க வேண்டியதைத் தாழ்ந்த தரமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஈரமானி இப்போது எவ்வளவு ஈரம் என்று மட்டுமே சொல்லும். இடையில் என்ன நடந்தது என்பது அதனிடம் கேட்கப்படாத கேள்வி. தந்தையின் மூக்கும் ஒரு கருவிதான், அதற்கு அளவுத்திருத்தம் செய்து பார்க்காமல் ஒதுக்கியது என் பிழை என்று அவரே சொன்னார்.

கடலூரிலிருந்தே இன்னோர் எடுத்துக்காட்டு

பள்ளி அறிவியலும் வணிகமும் என்றதும் இந்த வட்டாரத்தில் பலருக்கும் நினைவுக்கு வருவது கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் குடும்பம். சிறு சாஷே பாக்கெட்டில் பொருள்களை அடைத்து ஏழை எளியவர் கைக்குக் கொண்டுசேர்க்கலாம் என்று முன்பே கண்டவர் அவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் வேதியியல் பட்டதாரி. 1983-இல் 15,000 ரூபாயோடு தனியே தொடங்கிய நிறுவனம் பின்னாளில் கெவின்கேர் ஆனது. தந்தையின் பெயரிலிருந்தே சிக் ஷாம்பு பெயர் பெற்றது. வேதியியல் படித்ததால்தான் அந்த வெற்றி என்று மேடைகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷாம்பு கலக்கும் வேதியியல் பலருக்கும் தெரியும். நாட்கூலி வாங்குபவர் ஒரு நேரத்தில் எவ்வளவு காசை எடுத்துக் கொடுக்க முடியும் என்பதிலிருந்து பாக்கெட்டின் அளவைத் தீர்மானித்ததுதான் அங்கே பெரிய விஷயம். பாடத்தின் பெயரை வெற்றியின் மேல் ஒட்டுவது எளிது; எந்த முடிவில் எந்தப் பழக்கம் வேலை செய்தது என்று காட்டினால்தான் அது சான்றாகும். பண்ருட்டி ஆலையை நான் எடுத்துக்கொண்டதும் அதனால்தான். இங்கே முடிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட முடிகிறது.

வணிகவியல் வகுப்புக்கு

இந்த ஆய்வை வைத்து எல்லாரும் அறிவியல் பிரிவில் சேருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த ஆலையில் பயன்பட்ட பழக்கங்களில் பெரும்பாலானவை பத்தாம் வகுப்பு அறிவியலுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. வணிகவியல் பிரிவுக்கு வரும் பிள்ளையும் அவற்றைக் கற்றுத்தான் வருகிறது. வந்த பிறகு அவற்றை மறக்கடிக்கும் வேலையை நாங்கள் செய்கிறோம். எங்கள் பாடப் பயிற்சிகளில் எண்கள் எப்போதும் கொடுக்கப்பட்டே இருக்கும். சரக்கிருப்பு இவ்வளவு என்று வினாத்தாள் சொன்னால் அவ்வளவுதான். அதை யார் நிறுத்தார், எந்தத் தராசில், எத்தனை முறை என்று எந்த மாணவரும் கேட்பதில்லை, கேட்டால் மதிப்பெண்ணும் இல்லை. சென்ற பருவத்திலிருந்து என் வகுப்பில் சரக்கிருப்பு மதிப்பீட்டுப் பாடத்துக்கு முன் ஒரு சாக்கு நெல்லும் ஒரு தராசும் வைக்கிறேன். முப்பது பேர் நிறுத்தால் முப்பது எடை வருகிறது.

பண்ருட்டி ஆலையின் கொள்முதல் சீட்டில் இப்போது நான்கு கட்டங்கள் இருக்கின்றன. முதல் மூன்றும் ஈரம், எண்ணிக்கை, அவுட்டர்ன். நான்காவது கட்டத்தின் தலைப்பு ‘அப்பா பார்த்தது’. அதில் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லும் கையெழுத்தும் இருக்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், மற்ற மூன்றும் எவ்வளவு அழகாக இருந்தாலும் லாரிக்குப் பணம் போகாது.